ஊதிக் காட்டு

தோல் டாக்டரிடம் போனபோது முதலில் ஒரு தாளைக் கொடுத்து நிரப்பச் சொன்னார்கள். பெயர், வயது, என்ன தொந்தரவு, சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா. கடைசியில் புகைப்பழக்கம் உண்டா என்று கேட்டு இரண்டு கட்டம் போட்டிருந்தது. நான் 'இல்லை'யில் டிக் போட்டேன். டாக்டரம்மா சின்ன வயதுக்காரர். தாளைப் பார்த்தார், என் வாயைப் பார்த்தார், மறுபடியும் தாளைப் பார்த்தார்.

"சார், ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன். எத்தனை வருஷமா ஸ்மோக் பண்றீங்க?"

"இல்லீங்கம்மா."

"இப்ப இல்ல, சரி. முன்னாடி?"

"எப்பவுமே இல்லீங்கம்மா."

அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை. "எல்லாரும் இப்படித்தான் சொல்வாங்க. ட்ரீட்மென்ட் முடியிற வரைக்கும் தொடாதீங்க, அது போதும்" என்றார்.

எனக்கு நாற்பத்தெட்டு வயது. இந்தக் கேள்விக்கு முப்பத்து மூன்று வருடமாக இதே பதிலைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பதில் மாறியதில்லை. அதைக் கேட்டவர்களின் முகமும் மாறியதில்லை.

என் உதடு கறுப்பு. நாவல்பழம் தின்றுவிட்டு வாய் துடைக்காமல் வந்தவன் மாதிரி இருக்கும். பிறந்தபோது அப்படி இல்லை. "செக்கச் செவேல்னு இருந்துச்சு உன் உதடு" என்று அப்பாவே சொல்லியிருக்கிறார். ஒன்பதாம் வகுப்பில் மெல்லக் கறுக்க ஆரம்பித்து, பத்தாம் வகுப்பு வருவதற்குள் முழுக்கக் கறுத்துவிட்டது. பையன்கள் ஒளிந்து பீடி குடிக்கத் தொடங்கும் வயதும் அதுதான். வேறு வயதில் கறுத்திருந்தால் என் கதை வேறு மாதிரி போயிருக்குமோ என்னவோ.

அப்பாவைக் குற்றம் சொல்லவும் முடியாது. அவருக்கு ஒரே தம்பி, என் சித்தப்பா. வாடிப்பட்டிக்கு மேற்கே எங்கள் ஊரில் அவர் உதட்டில் பீடி இல்லாமல் பார்த்தவர்கள் கிடையாது. எனக்குப் பதினோரு வயதாக இருக்கும்போது எங்கள் வீட்டுக் கட்டிலில் கிடந்து இருமி இருமியே செத்தார். எச்சில் துப்ப மணல் போட்ட தகர டப்பாவை அப்பாதான் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அதற்குப் பிறகு டீக்கடையில் யாராவது பீடி பற்றவைத்தால் அப்பா கிளாஸைத் தூக்கிக்கொண்டு ரோட்டோரம் போய் நின்று குடிப்பார். என் உதடு கறுத்தபோது அவர் பார்த்தது என் உதட்டை மட்டும் இல்லை.

பத்தாம் வகுப்பில் ஒருநாள், பள்ளிக்கூடக் கக்கூசுக்குப் பின்னால் பீடித் துண்டுகள் கிடந்தன. டிரில் வாத்தியார் பையன்களை வரிசையாக நிற்கவைத்து ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டே வந்தார். என்னிடம் வந்ததும் நின்றுவிட்டார். "தேடவே வேண்டாம். உதட்டுலயே எழுதி ஒட்டிருக்கு" என்றார். குடித்தவன் எனக்கு மூன்று பேர் தள்ளி, நல்ல சிவந்த உதட்டோடு நின்றுகொண்டிருந்தான். எனக்கு வாய் வரவில்லை. சிறு வயதிலிருந்தே எனக்குக் கூச்சம் அதிகம். நாலு பேர் பார்த்தால் என் பெயரைச் சொல்வதற்குள்ளேயே வேர்த்துவிடும்.

அன்று சாயங்காலம் அப்பா வயலிலிருந்து வந்ததும் என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். முகத்தை என் வாய்க்குப் பக்கத்தில் கொண்டுவந்தார்.

"ஊது."

ஊதினேன்.

"இன்னொரு தடவ ஊது."

ஊதினேன். மோந்து பார்த்தார். "ஏலக்காய் போட்டிருக்கியா?" என்றார்.

அன்றிலிருந்து தினமும் அதுதான். எங்கள் பக்கம் பீடி சிகரெட் குடிப்பதையும் ஊதுவது என்றுதான் சொல்வார்கள். "என்ன மாமா, உங்க மகன் ஊதுறானாம்ல?" என்று அப்பாவிடம் ஊரில் கேட்பார்கள். அவர் வீட்டுக்கு வந்து என்னை ஊது என்பார். நான் ஊதவில்லை என்று காட்டுவதற்குத் தினமும் ஊத வேண்டியிருந்தது. வாசம் இல்லாத நாளில் நான் வாயைக் கழுவிக்கொண்டு வந்துவிட்டதாகச் சொல்வார். அம்மா அடுப்படியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். அவள் என்னை நம்பினாளா என்று அவள் இருந்த வரைக்கும் நான் கேட்கவில்லை. பதில் தெரிந்துவிடுமே என்று பயம்.

ஒரு வெள்ளிக்கிழமை அப்பா என்னைக் கருப்பசாமி கோயிலுக்குக் கூட்டிப்போனார். கல்லில் சூடத்தை ஏற்றி வைத்து, "நான் பீடி குடிக்கலைன்னு சொல்லி அணை. சாமி முன்னால சொல்லிட்டியன்னா நான் இனிமே கேக்க மாட்டேன்" என்றார். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து சத்தியம் செய்வது எங்கள் ஊர் வழக்கம். பொய் சத்தியம் செய்தால் கருப்பன் விடமாட்டான். எனக்குப் பயமே இல்லை. ஓடிப்போய் அணைக்கத் தயாராகத்தான் இருந்தேன். ஆனால் அதற்குள் ஏழெட்டு ஆண்கள் கூடிவிட்டார்கள். நடவுக்குப் போய்விட்டுத் திரும்பிய பெண்களும் சேற்றுக் காலோடு வேடிக்கை பார்க்க நின்றார்கள். எனக்கு மேல்மூச்சு வாங்கியது. கையை ஓங்கிக்கொண்டு கல்லைப் பார்த்துக் குனிந்தேன். என் மூச்சுப் பட்டு சூடம் அணைந்துவிட்டது. கை இன்னும் மேலேயே இருந்தது.

பிறகு ஒருத்தர், "அடேய், பய ஊதியே அணைச்சுப்புட்டான்யா!" என்றார்.

"பழக்கதோசம் மாப்ள! கை சொன்னபடி கேட்டாலும் வாய் கேக்குமா?"

பெண்கள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தார்கள். அப்பா சிரிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்துவிட்டார். 'இன்னொரு தடவை பொருத்துங்க' என்று நான் சொல்லியிருக்கலாம். சின்ன வாக்கியம்தான். இன்று வரைக்கும் அதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன்.

பிறகு மதுரைக்கு வந்துவிட்டேன். ஒரு துணிக்கடையில் டெலிவரி கவுண்டரில் வேலை. பில்லைப் பார்த்துப் பையை எடுத்துக் கொடுக்க வேண்டும், பேச வேண்டியதில்லை. அதனால்தான் இருபத்தைந்து வருடமாக அதே இடத்தில் இருக்கிறேன். பேச நேர்ந்தால் மூக்கைத் துடைப்பது போலக் கையை வாய்க்குக் குறுக்கே வைத்துக்கொள்வேன். கல்யாணமான புதிதில் மனைவியும் என்னை நம்பவில்லை. "மூணு வருசம் உங்க சட்டைப் பையத் தடவிப் பார்த்தேன். ஒரு தீக்குச்சி கூட சிக்கல. அப்புறந்தான் அய்யோ பாவம்னு விட்டேன்" என்று பின்னால் சொன்னாள். என் அப்பாவிடமும் அவளே எடுத்துச் சொன்னாள். "மாமா, அவரு குடிக்கிறதில்ல, நான் கூடவே இருக்கேன்ல?" அப்பா சொன்னது: "புருசன விட்டுக் கொடுக்காம பேசுற. நல்லாரு தாயி."

கொரோனா வந்து எல்லோரும் முகக்கவசம் போட்டிருந்த நாட்கள்தான் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்தன. ஊரே பயந்து கிடந்தபோது இப்படிச் சொல்வது பாவம். ஆனால் உண்மை அதுதான். மற்றவர்கள் கழற்றிய பிறகும் நான் ஒரு வருடம் கழற்றவில்லை.

செவ்வாய்க்கிழமை எனக்கு விடுமுறை. அரப்பாளையத்தில் பஸ் ஏறி ஊருக்குப் போய் அப்பாவைப் பார்த்துவிட்டு வருவேன். அம்மா போன பிறகு அவர் தனியாகத்தான் இருக்கிறார். மதுரைக்கு வரமாட்டேன் என்கிறார். தலை நரைத்த பிறகும், பக்கத்தில் யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து, "ஊது" என்பார். நானும் ஊதுவேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஆனால் அவர் கண்ணில் புரை விழுந்து மங்கலாகிப் போன ஐந்தாறு வருடங்களில் ஒரு மாற்றம் தெரிந்தது. என் உதடு அவருக்குத் தெரியவில்லை, மூக்கு மட்டும்தான் இருந்தது. ஊதினால், "ம்" என்பார். ஒருநாள், "இன்னைக்கு ஒண்ணும் இல்லயே" என்றார். நான் பஸ்ஸில் திரும்பும்போது அதையே நினைத்துக்கொண்டு இறங்க வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

பிறகு நானேதான் அவரைக் கூட்டிப்போய்க் கண் ஆபரேஷன் செய்யவைத்தேன். கட்டுப் பிரித்துக் கறுப்புக் கண்ணாடி மாட்டினார்கள். அப்பா கையை விரித்துப் பார்த்தார், சுவரில் காலண்டரைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்துக் கும்பிட்டார். என் பக்கம் திரும்பினார். சந்தோஷமாக இருந்த முகம் அப்படியே சுருங்கியது.

"முன்னைக்கு இன்னும்ல கறுத்துப் போச்சு" என்றார்.

அப்பா போய்ச்சேர்வதற்குள் ஒரே ஒரு தடவை, 'என் மகன் குடிக்கலை' என்று அவர் வாயால் சொல்லிக் கேட்க வேண்டும். வேறு எதுவும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. அதற்காகத்தான் தோல் டாக்டரிடம் போனேன்.

"இந்த வயசுல யாருக்குக் காட்டப் போறீக?" என்றாள் மனைவி. காரணத்தைச் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே, "சிவந்துட்டா மட்டும் நம்பிருவாரா?" என்றாள். அவள் கேட்டது எனக்கு அப்போது ஏறவில்லை.

உதடு மரத்துப் போக ஒரு களிம்பைத் தடவி முக்கால் மணி நேரம் உட்காரவைப்பார்கள். கண்ணை மூடி ஒரு கண்ணாடி மாட்டுவார்கள். பிறகு லேசர் மெஷினின் டிக் டிக் சத்தம். ரப்பர் பேண்டை இழுத்து இழுத்து உதட்டில் விடுவது போல இருக்கும். முடி கருகிய வாடை வரும். என் உதட்டிலிருந்து வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் புகை வருகிறது என்று நினைத்துக்கொண்டேன். வீட்டுக்கு வந்தால் உதடு பணியாரம் போல வீங்கியிருக்கும். நாலு நாளைக்குச் சூடாக எதுவும் கூடாது, காரம் கூடாது, பொருக்கைப் பிய்க்கக் கூடாது, வெயிலில் போகக் கூடாது. மதுரையில் வெயிலில் போகாமல் எங்கே போவது? இப்படி மாதத்துக்கு ஒரு தடவையாக ஐந்து தடவை.

மூன்றாவது தடவை போனபோது துணிந்து கேட்டேன்.

"அம்மா, இது பீடியால வந்தது இல்லைன்னு ஒரு சீட்டு எழுதித் தர முடியுமா? தமிழ்ல."

"எதுக்கு சார், வேலை பாக்குற இடத்துலயா?"

"எங்க அப்பாவுக்கும்மா."

டாக்டரம்மா இந்தத் தடவை சிரிக்கவில்லை. "சார், உடம்பு வாகுலயே சிலருக்கு வரும். உங்களுக்கும் அப்படி இருக்கலாம். ஆனா எதால வந்துச்சுன்னு மெஷின் சொல்லாது. கறுப்பை எடுக்கத்தான் அதுக்குத் தெரியும்" என்றார். அதோடு, எடுத்தாலும் சிலருக்குத் திரும்ப வந்துவிடும் என்று முதல் நாளே சொன்னதை மறுபடியும் சொன்னார். நான் தலையாட்டினேன். அந்தச் சிலரில் நான் இருக்க மாட்டேன் என்று ஏன் நினைத்தேன் என்று தெரியவில்லை. அதுவரை எதிலும் அப்படி நடந்ததில்லை.

ஐந்தாவது தடவைக்குப் பிறகு உதடு மாறியிருந்தது. கண்ணாடியில் வேறு யாரோ என் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்பது போல இருந்தது. கடையில், "அண்ணே, எந்தக் கம்பெனி லிப்ஸ்டிக்? எம்பொண்டாட்டிக்கு ஒண்ணு வாங்கணும்" என்றார்கள். வழக்கமாக இப்படி ஒரு வார்த்தைக்கு ஒரு வாரம் தூங்க மாட்டேன். அன்று எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. செவ்வாய்க்கிழமைக்காகக் காத்திருந்தேன்.

அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். நான் கையை வாய்க்குக் குறுக்கே வைக்காமல் நடந்து போனேன். பார்த்தார். எழுந்தார். என் தாடையைப் பிடித்து வெளிச்சத்துக்குத் திருப்பினார். கண்ணில் தண்ணீர் நிறைந்துவிட்டது.

"விட்டுட்டியாடா?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை.

"பீடிய விட்டுட்டியா? நெசமாவே விட்டுட்டியா?"

மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டது அப்போதுதான் உறைத்தது. உதடு சிவந்தால் அவருக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். நான் அவரிடம் சிகிச்சையைச் சொல்லப் பார்த்தேன். "இல்லப்பா, லேசர்னு ஒண்ணு, லைட்டு மாதிரி... நான் எப்பவுமே குடிச்சதில்லப்பா..."

"சரி சரி, அதெல்லாம் இப்ப எதுக்கு? விட்டுட்டேல்ல, அது போதும்" என்று என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அவர் அப்படிப் பிடித்து எத்தனை வருடம்! என்னை இழுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.

"எம்மகன் பீடிய விட்டுட்டான்யா! உதட்டப் பாருங்கய்யா, எம்புட்டுச் சிவப்பு!"

"எப்புடி மாப்ள விட்ட? எனக்கும் அந்த வழியச் சொல்லு, எம்பொண்டாட்டி கோயில் கட்டிருவா உனக்கு."

அன்று கோயிலில் 'பழக்கதோசம்' என்றவரேதான் இதைச் சொன்னார். கிழவராகிவிட்டார். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் அப்படிச் சந்தோஷமாக இருந்து நான் பார்த்ததில்லை. என் வாய் திறந்தது.

"விட்டுட்டேன் மாமா" என்றேன்.

முப்பத்து மூன்று வருடம் ஒரு பொய் சொல்லாமல் இருந்தேன். அன்று சொன்னதுதான் அந்த ஊர் நம்பிய என் முதல் வார்த்தை.

மூன்று மாதம் நன்றாக இருந்தது. அதை மறைக்கக் கூடாது. அப்பா ஊது என்று சொல்வதை நிறுத்திவிட்டார். என்னோடு சேர்ந்து சாப்பிட்டார். வாய்க்கால் கரையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தார். அவர் பிடித்தது திருந்தியவனின் தோளை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கொடுத்துக்கொண்டு நடந்தேன்.

பங்குனி வெயிலில் உதட்டின் ஓரத்தில் ஒரு நிழல் தெரிந்தது. சித்திரையில் அது நடுவுக்கு வந்தது. ஆனி முடிவதற்குள் பழையபடி ஆகிவிட்டது. பழையதை விடக் கொஞ்சம் கூடவே என்று மனைவி சொல்லாமல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். டாக்டரம்மா, "நான் முதல்லயே சொன்னேன்ல சார். வேணும்னா இன்னொரு ரவுண்டு பண்ணலாம். ஆனா இதுதான் கடைசின்னு நான் சொல்ல மாட்டேன்" என்றார். நான் பிறகு போகவில்லை.

மூன்று செவ்வாய்க்கிழமை ஊருக்கும் போகவில்லை. நாலாவது செவ்வாய் பழைய முகக்கவசத்தைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு போனேன்.

"அதக் கழட்டு" என்றார் அப்பா.

கழற்றினேன். ஆபரேஷன் செய்த கண்ணால் நன்றாகப் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். ஊது என்பார் என்று நின்றேன்.

நானேதான் கேட்டேன். "ஊதிக் காட்டவாப்பா?"

"வேணாம். தெரிஞ்சு என்ன ஆகப்போகுது" என்றார்.

'ஊது' என்ற வார்த்தையை எத்தனை வருடம் வெறுத்திருக்கிறேன். அவர் ஊது என்று சொன்ன ஒவ்வொரு தடவையும், வாசம் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டுதான் மோந்து பார்த்திருக்கிறார். அந்த வார்த்தை இல்லாமல் போன பிறகுதான் எனக்கு இது விளங்கியது.

அடுத்த செவ்வாய் போனபோது அப்பாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி கிடந்தது. அதன் மேல் ஒரு பீடிக் கட்டு, ஒரு தீப்பெட்டி. பீடிப் புகைக்குப் பயந்து ரோட்டில் நின்று டீ குடித்த மனிதர், கடையில் போய் வாய்விட்டுக் கேட்டு அதை வாங்கி வந்திருக்கிறார்.

"ஒளிஞ்சு ஒளிஞ்சு குடிக்காத. தோப்புப் பக்கம் போயி நிக்காத, பாம்பு கீம்பு கெடக்கும். இங்கனயே உக்காந்து குடி" என்றார்.

நான் அதைக் கையில் எடுத்தேன். எனக்கு ஒன்று தோன்றியது. நான் இதுவரை பீடியைத் தொட்டதில்லை. அதை எப்படிப் பிடிப்பது என்றே தெரியாது. குடிக்கிறவன் கை எப்படி இருக்கும் என்று அப்பாவுக்குத் தெரியும், தம்பியைப் பார்த்தவர். என் கையைப் பார்த்தால் போதும், எல்லாம் விளங்கிவிடும். இந்த ஒரு தடவை பார்த்தால் போதும்.

கட்டைப் பிரித்து ஒன்றை உருவினேன். அப்பா எழுந்தார்.

"நான் இருந்தா உனக்குக் கூச்சமா இருக்கும். சின்னப் புள்ளையிலருந்தே நீ அப்படித்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

"அப்பா, இங்க பாருங்க" என்றேன்.

"குடி, குடி. நான் பாக்கல."

கட்டிலில் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அவர் முதுகு எனக்குத் தெரிந்தது. எந்த முனையை வாயில் வைப்பது என்று தெரியவில்லை. ஏதோ ஒரு பக்கத்தை வைத்தேன். முதல் குச்சி ஒடிந்தது. இரண்டாவது அணைந்தது. மூன்றாவதில் பற்றிக்கொண்டது. சத்தமாகக் கூப்பிட்டால் திரும்புவார் என்று நினைத்து மூச்சை இழுத்தேன். புகை நெஞ்சுக்குள் போய் அடைத்துக்கொண்டது. கண்ணில் தண்ணீர் கொட்ட, குனிந்து இருமினேன். நிறுத்த முடியவில்லை. இருமிக்கொண்டே இருந்தேன்.

உள்ளேயிருந்து அப்பாவின் குரல் வந்தது. அவர் இன்னும் திரும்பியிருக்கவில்லை.

"உங்க சித்தப்பன் இருமுன மாதிரியேதான் இருக்கு."